கொல்லையில் சிமெண்ட்

கண்ணாடியை இறக்குடா என்றேன் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த மகனிடம், இறக்கினான், ஆடிக் காற்று புழுதியோடு முகத்தில் அடித்தது, அதுவே போதும் போல இருந்தது. ஆஸ்பத்திரியில் இத்தனை நாளும் என்னை ஏ.சி. அறையில் ஊறுகாய் ஜாடி மாதிரி மூடி வைத்திருந்தார்கள். இனி விடிவதற்குள் யாரும் வந்து கையைப் பிடித்து நரம்பு தேட மாட்டார்கள். கட்டிலின் பக்கக் கம்பியை ஏற்றிவிட்டு, அசையக் கூடாது பெரியம்மா என்று எந்தச் சின்னப் பெண்ணும் எனக்கு உத்தரவு போட மாட்டாள். ஆயுசெல்லாம் விசில் ஊதி மற்றவர்களை அசைய வைத்தவள் நான். பி.டி. டீச்சர் மங்களேஸ்வரி என்றால் சிவகங்கையில் இன்றைக்கும் பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்கிற பொம்பளைகள் இருக்கிறார்கள், பாசத்தில் இல்லை, பழைய பயத்தில். அப்பேர்ப்பட்டவள் சொந்தக் கொல்லையில் பப்பாளி மட்டை வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டேன். போகட்டும், தகடு வைத்து இறுக்கிவிட்டார்கள், வாக்கரைப் பிடித்து நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார், வண்டி குலுங்கும்போது கூட வலி என்று இல்லை, ஈரத்துணியை மடித்து வைத்துக் கட்டின மாதிரி ஒரு கனம், அவ்வளவுதான். உயிரோடு வீட்டுக்குப் போகிறேன். மதுரையை விட்டுக் கிளம்பி வரிச்சியூர் தாண்டியாச்சு, இன்னும் பூவந்தி, அப்புறம் வீடு.

இப்படியே நினைத்துக்கொண்டு வந்திருந்தால் வீடு வரை நிம்மதியாக வந்திருப்பேன், பாழாய்ப்போன கண் சும்மா இருக்கிறதா. பின் சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன், கீழே கால் வைக்கிற இடத்தில் வாக்கரை மடக்கிப் போட்டிருந்தான் என் மகன் நாகேந்திரன், வண்டி அழுக்காகக் கூடாது என்று அதற்கு அடியில் ஒரு சாக்கை விரித்திருந்தான். சிமெண்ட் சாக்கு. வாக்கரை லேசாக ஆட்டிப் பார்த்தேன், சாக்கின் மடிப்பிலிருந்து சாம்பல் நிறப் பொடி எழுந்து அடங்கியது. பழைய சாக்கு என்றால் பொடி இறுகிக் கட்டி பிடித்திருக்கும். இது நேற்றோ முந்தாநாளோ பிரித்த சாக்கு. எங்கள் வீட்டில் சிமெண்டுக்கு என்ன வேலை, சுவரில் விரிசல் இல்லை, மாடி ஒழுகவில்லை. ஆபரேஷன் முடிந்து நான் கண் விழித்த அன்றைக்கு இவன் சொன்னதில் போய் மனசு தானாக நின்றது. போதும்மா கொல்லையில அந்தக் காடு, பூராத்துக்கும் சிமெண்ட் தளம் போட்டுருவோம், ஆசைக்குத் தொட்டியில ரெண்டு செடி வெச்சுக்க என்றான். மயக்க மருந்தில் நாக்கு தடித்துக் கிடந்தது, நான் பதில் சொல்லவில்லை. சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பான், யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். சரியாக அந்த நேரம் பார்த்துப் போன் வந்தது. வண்டி ஸ்பீக்கரில் சூசை கொத்தனார் குரல், எங்கள் வீட்டு மாடியைக் கட்டியவர். தண்ணி விட்டீகளா தம்பி என்றார். காலையில் விட்டாச்சு, ஈரச் சாக்கு போட்டு மூடியிருக்கு, சாயங்காலம் இன்னொரு தடவை விடணும் என்றான் இவன். அம்மாகிட்ட சொன்னீகளா என்று அவர் கேட்டார். இவன் கண்ணாடி வழியாக என்னை ஒரு பார்வை பார்த்தான், வந்து பாக்கட்டும்ணே என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான். பார்க்கட்டும் என்றால் பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்றா, பார்த்து வாயை மூடிக்கொள்ளட்டும் என்றா. தண்ணீர் விட்டாச்சு என்றால் போட்டு முடித்தாச்சு. முடித்ததை இனிக் கேட்டு என்ன ஆகப்போகிறது.

ஆனாலும் கேட்க வேண்டியதுதானே. என்னடா போட்டாய், எங்கே போட்டாய், யாரைக் கேட்டுப் போட்டாய். பழைய மங்களேஸ்வரி என்றால் வண்டியை ஓரம் கட்டச் சொல்லி ரோட்டிலேயே கேட்டிருப்பாள். எனக்கு வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்றும் தெரியும். இவன்தான் எனக்கு பெட்பேன் வைத்தான். நர்ஸைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு யாரும் வராத ஒரு மத்தியானம், நான் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கிப் பார்த்து முடியாமல் போனபோது, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு வைத்தான், கழுவினான், துடைத்தான், பவுடர் கூடப் போட்டுவிட்டான், பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து ஒன்றுமே நடக்காத மாதிரி ஆரஞ்சு உரித்துக் கொடுத்தான். அந்த ஆரஞ்சைத் தின்றேன். அதற்கப்புறம் அவனை அதட்ட என்னால் முடியவில்லை. சாப்பாட்டில் உப்பு கூடினாலும் சொல்லவில்லை, ஃபேனை அவன் இஷ்டத்துக்கு வைத்தாலும் சொல்லவில்லை. உங்க அம்மா எப்பவுமே இவ்வளவு சாந்தமா என்று டாக்டர் கேட்டாராம், இவன் வெளியே போய்ச் சிரித்தானாம், மருமகள் பிருந்தா போனில் சொன்னாள். எனக்கு அதில் சிரிப்பு வரவில்லை. இனி இந்த வீட்டில் இப்படித்தான் இருக்கப் போகிறேனோ, கொடுத்ததைத் தின்று, செய்ததற்கெல்லாம் தலையாட்டி, நல்லாருக்குப்பா நல்லாருக்குப்பா என்று. தளத்தைப் பார்த்ததும் சொல்ல வேண்டிய வார்த்தையும் அதுதான். மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன், யாரோ வேற்றுப் பொம்பளையின் குரல் மாதிரி இருந்தது.

தளம் போட்டால்தான் என்ன குடியா முழுகிவிடும், ஊரில் எத்தனையோ வீட்டுக் கொல்லை அப்படித்தானே கிடக்கிறது, துணி காயப்போட வசதி, வழுக்காது, பூச்சி பொட்டு வராது. இப்படியும் சொல்லிப் பார்த்தேன், மனசு கேட்கவில்லை. அந்த மண்ணைக் கல்லாக்கினதே நான்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து காலையும் மாலையும் கூட்டிக் கூட்டிப் பள்ளிக்கூட மைதானம் மாதிரி ஆக்கி வைத்திருந்தேன், ஒரு சருகு விழுந்தால் பொறுக்க மாட்டேன், மழை பெய்தால் தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே இறங்காமல் தெருவுக்கு ஓடும். ரிட்டையராகி என்ன செய்வது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒக்கூர்ப் பக்கம் ஒரு பண்ணையில் பெர்மாகல்ச்சர், காடு தானாக வளர்கிற மாதிரித் தோட்டம் போடுகிற பயிற்சி என்று யாரோ சொல்லிப் போனேன். தாடி வைத்த ஒரு பையன் பாடம் எடுத்தான். முதல் வருஷம் எதையும் நடாதீர்கள், சும்மா பாருங்கள், வெயில் எங்கே விழுகிறது, தண்ணீர் எங்கே ஓடுகிறது, காற்று எந்தப் பக்கம் நுழைகிறது என்று பாருங்கள் என்றான். என்னையா, ஒரு வருஷம் கையைக் கட்டிக்கொண்டா. அடுத்தாற்போல மண்ணை வெறுமனே விடாதே, சருகைப் போட்டு மூடு, மூடாக்குதான் மண்ணுக்குச் சோறு என்றான். அதற்கும் மேலே ஒன்று சொன்னான், வரிசையாக நடாதீர்கள், காட்டில் எந்த மரம் வரிசையில் நிற்கிறது என்றான். எழுந்து போய்விடலாமா என்று இருந்தது எனக்கு. கோட்டை விட்டு ஒரு விரல் விலகி நின்றவளை மைதானத்தைச் சுற்றி ஓட விட்டவள் நான். ஆனால் போகவில்லை, உட்கார்ந்தேன், ஏன் என்று இன்றுவரை தெரியாது. திரும்பி வந்து பார்க்க ஆரம்பித்தேன், வருஷம் முழுக்க இல்லை, அவ்வளவு பொறுமைக்கு நான் பிறக்கவில்லை, ஒரு மழைக்காலம் மட்டும். பிறகு குளியலறைத் தண்ணீர் ஓடுகிற பக்கம் ஒரு குழி வெட்டி, அதைச் சுற்றி வாழை வைத்தேன், வாழைக்கு நடுவில் சேம்பு, வேலியில் பிரண்டை, முருங்கைக்குக் கீழே துவரை, அடுப்படிக் கதவுக்குப் பக்கத்தில் தினம் கிள்ளுகிற கீரை. தெருத்தெருவாகச் சருகு மூட்டை சுமந்து வந்தேன். ரிட்டையர் ஆனதும் டீச்சருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். ஒரு நாள் மண்ணுக்குள் விரலை விட்டேன், விரல் முழுசும் உள்ளே போனது. அன்றைக்குச் சாயங்காலம் வரை யாரிடமும் பேசாமல் அந்தச் சந்தோஷத்தை வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மண்ணின் மேல்தான் இப்போது ஈரச் சாக்கு கிடக்கிறது. மண்புழு என்ன செய்யும், மேலே வந்து முட்டிப் பார்க்கும், வழி இல்லை என்றால் பக்கத்து வீட்டுக்குப் போகுமா, அங்கேயும் தளம்தான். முருங்கையை விட்டிருப்பான், முருங்கையை யாரும் வெட்ட மாட்டார்கள். வாழையை விட்டிருக்க மாட்டான், வாழைக் குழி கொசு கொசு என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறான். கறிவேப்பிலையை விட்டு, அதைச் சுற்றி ஒரு சதுரம் மட்டும் மண்ணாக விட்டுப் போட்டிருப்பார் சூசை, எல்லார் வீட்டிலும் அப்படித்தான் போடுவார், கோழிக் கூண்டில் ஒற்றைக் கோழி நிற்கிற மாதிரி அது நிற்கும். அந்தச் சதுரத்துக்குள்ளாவது சருகு போடலாம். இப்படிப் பேரம் பேசிக்கொண்டே வருகிறோமே என்று எனக்கே அசிங்கமாக இருந்தது. பூவந்தியில் வண்டியை நிறுத்தி இளநீர் வாங்கி வந்தான். ஸ்ட்ராவை வாயில் வைத்துவிட்டு, வலிக்குதாம்மா, ஒண்ணுமே பேச மாட்டேங்குற என்றான். வலி இல்லைப்பா என்றேன். உண்மைதானே, வலி இல்லை, பயம்தான். நல்ல இளநீர், தித்திப்பாகத்தான் இருந்தது, பாதியை அவனிடமே திருப்பிக் கொடுத்தேன்.

வாசலில் நாத்தனார் குருவம்மாள் காளையார்கோவிலிலிருந்து ஒரு கூட்டத்தையே கூட்டிக்கொண்டு வந்து நின்றார். பிருந்தா ஆரத்தி எடுத்தாள், நெற்றியில் பொட்டு வைக்கும்போது என் கண்ணைப் பார்க்காமல் சந்துப் பக்கம் பார்த்தாள், சரி, இவளும் கூட்டு என்று நினைத்துக்கொண்டேன். நேரே உள்ளே போய்ப் படுத்துக்கொண்டு, கொல்லையை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், ஒரு ராத்திரியாவது தெரியாமல் தூங்கலாம் என்று இருந்தேன், குருவம்மாள் விடவில்லை. ஆஸ்பத்திரிக் காலோட வீட்டுக்குள்ள மிதிக்கக் கூடாது, சந்து வழியாப் போயிக் காலக் கழுவிட்டு வா என்றார். அந்தக் குழாய் கொல்லையில் இருக்கிறது. பிருந்தா ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, வாக்கரை எடுத்து எடுத்து வைத்துச் சந்தில் போனேன், பார்வையைத் தரையை விட்டு எடுக்கவில்லை, சந்து எப்போதும் சிமெண்ட்தான், அது முடிகிற இடத்தில் மண் தொடங்க வேண்டும். நல்லாருக்குப்பா, நல்லாருக்குப்பா. சந்து முடிந்தது. நிமிர்ந்தேன். வாழை நின்றது. ஒன்று இல்லை, எல்லாம் நின்றன, ஒன்று தார் தள்ளிச் சாய்ந்து கூட இருந்தது, அதற்கு முட்டுக்கொடுத்திருந்தார்கள். பப்பாளி, முருங்கை, துவரை, கறிவேப்பிலை, வேலியில் பிரண்டை, ஒவ்வொன்றாக எண்ணி அட்டெண்டன்ஸ் எடுத்தேன், எல்லாம் பிரசண்ட். நடுவில் ஈரச் சாக்கு போட்டு ஒரு பாதை மட்டும் கிடந்தது, அடுப்படிக் கதவில் புறப்பட்டு, பப்பாளியை ஒதுக்கிவிட்டு, முருங்கையைச் சுற்றிக்கொண்டு, வாழைக் குழி வரை வளைந்து வளைந்து போனது, ஒரு ஓரமாகப் பிடித்துக்கொள்ளக் குழாய்க் கம்பி. அவ்வளவுதான் சிமெண்ட். வாக்கரின் மேல் அப்படியே சாய்ந்துகொண்டேன், நெஞ்சில் இருந்ததை யாரோ தூக்கி இறக்கி வைத்த மாதிரி மூச்சு தாராளமாக வந்தது, அழுதேன், சொல்வதில் வெட்கமில்லை, நன்றாகவே அழுதேன். பிருந்தா மயக்கம் என்று நினைத்து என்னங்க என்று கத்தப் போனாள், அவள் வாயைப் பொத்தினேன். ஒண்ணுமில்லடி, காலுக்குத் தண்ணி விடு என்றேன்.

தண்ணீர் காலில் சில்லென்று இறங்குகிறபோதுதான் அடுத்த முள் குத்தியது. மரமெல்லாம் நிற்கிறது, சரி, தரை ஏன் மொட்டையாக இருக்கிறது. ஒரு சருகு இல்லை. விளக்குமாற்றின் கோடு கோடாக, நான் பழைய காலத்தில் கூட்டி வைத்திருந்த மாதிரியே செம்மண் பளிச்சென்று கிடந்தது. என் மூடாக்கு முழுக்க எங்கே, தெருத்தெருவாகச் சுமந்தது, மண்ணோடு மண்ணாக மக்கிக்கொண்டிருந்தது. எரித்துவிட்டாளா, மூலையில் சாம்பல் தெரிகிறதா என்று தேடினேன். பிருந்தா என் பார்வை போகிற பக்கத்தைப் பார்த்துவிட்டுக் காதோரம் குனிந்தாள். "திட்டாதீங்க அத்தை. உங்களப் பாக்க வர்றவுக அத்தன பேரும் இங்க வந்துதான் கை கழுவுவாக. சருகும் மட்டையுமாக் கிடந்தா, மாமியாளப் படுக்கையில போட்டுட்டு வீட்டக்கூடக் கூட்ட மாட்டாளான்னு என்னத்தானே சொல்வாக. ஒண்ணக்கூட எரிக்கல. எல்லாம் மூட்டை கட்டி மாடிப்படிக்கு அடியில வெச்சிருக்கேன். அவுக போனதும் பழையபடி கொட்டிரலாம்." திரும்பிப் பார்த்தேன். மாடிப்படிக்கு அடியில் என் பழைய போர்வையைப் போட்டு மூடி, விருந்தாளி வருகிற நேரத்தில் அழுக்குத் துணியை ஒளித்து வைக்கிற மாதிரி, என் காட்டை ஒளித்து வைத்திருந்தாள். எனக்கு வந்த சிரிப்பில் தகடு வைத்த இடம் சுண்டி இழுத்தது.

அப்புறம் பெரிய அறையில் கட்டிலில் உட்கார வைத்தார்கள், ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும் மேஜையில் சேர்ந்துகொண்டே இருந்தன, விழுந்த கதையை ஒவ்வொரு கூட்டத்துக்கும் முதலிலிருந்து சொன்னேன், எனக்கு அலுக்கவேயில்லை. உள்ளே ஒரு நிம்மதி கணகணவென்று எரிந்துகொண்டிருந்தது, யார் என்ன சொன்னாலும் சிரித்தேன். குருவம்மாள் கை கழுவப் போய்விட்டு வந்து, இப்பத்தான்டி உன் வீடு வீடா இருக்கு, என்னமா சுத்தமா வெச்சிருக்கா மருமக, இனிமே நீ அந்தக் குப்பையக் கட்டிக்கிட்டு அழாத என்றார். ஆமா மதினி என்றேன். பிருந்தா காபி டம்ளரை எடுக்கிற சாக்கில் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன், தலைமை ஆசிரியைக்குத் தெரியாமல் எதையோ பையில் வைத்திருக்கிற இரண்டு பிள்ளைகள் மாதிரி இருந்தோம். கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் அவளும் நானும் சேர்ந்து செய்த முதல் திருட்டு. அந்த நேரத்திலும் மனசு ஒரு பக்கம் விடாமல் நச்சரித்தது, வெயிலில் மொட்டைத் தரை எவ்வளவு காயும், மேல் மண்ணில் இருந்த புழுவெல்லாம் கீழே போயிருக்குமா, ஒரு நாள் தாங்கும், ஒரு நாள்தானே, தாங்கும். பயந்து பயந்து பழகின மனசு, பயப்பட எதுவும் இல்லையென்றால் சின்னதாக ஒன்றை எடுத்து மென்றுகொண்டிருக்கும் போலிருக்கிறது. மென்றுவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெயில் தாழ்ந்ததும் கூட்டம் கிளம்பியது. அடுப்படிக் கதவு நிலையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்துவிட்டு, பிருந்தா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் மூட்டையை அவிழ்த்தாள். சருகு கொட்டியதும் அந்த வாசனை வந்தது, மழை விட்ட மறுநாள் வாசனை, டெட்டால் நாற்றத்தில் ஊறிப்போயிருந்த மூக்கு அதை அப்படியே இழுத்துக்கொண்டது. கொட்டிக்கொண்டே கதை சொன்னாள். தளம் போடத்தான் சூசை வந்தாராம், மணலும் சிமெண்டும் இறங்கியாச்சாம். எதை எதை வெட்டணும்னு கையக் காட்டுங்க தம்பி என்றாராம் சூசை. எனக்கு ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிட்ட பிரண்டைத் துவையலுக்கும் முருங்கைக்கீரை சூப்புக்கும் தினம் விடியற்காலையில் பறித்தது நாகேந்திரன்தானாம், நான் சந்தையில் வாங்கினது என்று நினைத்துச் சாப்பிட்டிருக்கிறேன். முதல் நாள் பிரண்டை எது என்றே தெரியாமல் போனில் படம் எடுத்துவந்து இவளிடம் காட்டினானாம். பத்து நாள் பறித்தவனுக்குக் கையைக் காட்ட வரவில்லை. ஒவ்வொன்றிடமும் போய் நின்றானாம், இதுல அம்மாவுக்குப் பழம் போகுது, இது எலும்புக்கு, இத வெட்டினா அதுக்கு நெழலு இல்ல என்றானாம். நீங்க தளம் போடக் கூப்பிட்டீகளா, தோட்டத்தச் சுத்திக் காட்டக் கூப்பிட்டீகளா என்று சூசை பீடியைப் பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். அப்புறம் பாதையாவது போடுவோம் என்று கயிறு பிடித்து நேராக அளந்திருக்கிறார். இவன் கயிற்றை அவிழ்க்கச் சொல்லிவிட்டு, நான் தினம் நடந்து நடந்து மண் இறுகிக் கிடந்த தடத்தைக் காட்டி, அம்மா இப்பிடித்தான் போவாக, இப்பிடியே போடுங்க என்றானாம். இவ்வளவு கோணலா என் சர்வீஸ்ல நான் போட்டதில்ல, யாரு கேட்டாலும் நான் போட்டதுன்னு சொல்லிறாதீக என்று சூசை கெஞ்சினாராம். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், வண்டியில் வரும்போது இவனைப் பற்றி நினைத்ததெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து, கோழிக் கூண்டும் சதுரமும், ஒரே வெட்கமாகவும் ஒரே சந்தோஷமாகவும் இருந்தது. பிருந்தா சருகை வாழையின் தண்டோடு ஒட்டிக் குவித்தாள், அப்படிக் குவித்தால் தண்டு அழுகும், கொஞ்சம் தள்ளிப் போடணும், சொல்ல வாயெடுத்தேன், பிறகு காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அவள் கை வீச்சில் அவ்வளவு ஆசை இருந்தது.

நாகேந்திரன் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, சிமெண்டுக்குத் தண்ணீர் விட வாளியோடு வந்தான். தண்ணீர் விடுவதற்கு முன்னால் சாக்கைச் சுருட்டி எடுத்தான். அப்போதுதான் பாதையை முழுசாகப் பார்த்தேன். சாக்கு போட்டு மூடியிருந்ததில் அகலம் தெரியவில்லை, இப்போது தெரிந்தது, வைகாசியில் நான் ஊன்றி வைத்திருந்த மஞ்சளை ஓரத்தோடு விழுங்கியிருந்தது, மறுபக்கம் கீரைப் பாத்தியில் பாதி இல்லை. பாதை என்பது மண்ணைத் தின்கிற வாய், ஒரு ஆள் கால் வைக்கிற அளவுக்கு மேல் ஒரு விரற்கடை போடாதே என்று அந்தத் தாடிக்காரப் பையன் தலைப்பாடாக அடித்துக்கொண்டு சொன்னான். கைப்பிடி மண்ணை உண்டாக்க எத்தனை மூட்டை சருகு சுமக்க வேண்டும் என்று இவனுக்குத் தெரியுமா. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, மைதானத்தின் கோடிக்குக் கேட்கிற என் பழைய குரல் அப்படியே வெளியே வந்துவிட்டது. "யாரக் கேட்டுடா இவ்வளவு அகலம் போட்ட? ஒரு ஆளு நடக்க எதுக்கு இம்புட்டு? லாரி விடப்போறியா கொல்லைக்குள்ள? மஞ்சப் பூராவும் போச்சு பாரு." பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. பிருந்தா பாதி கொட்டின மூட்டையோடு அப்படியே நின்றாள். எனக்கே தூக்கிவாரிப்போட்டது, பெட்பேன் வைத்தவனை, பத்து நாள் பறித்துப் பறித்து அனுப்பினவனை, வந்த முதல் நாளே இப்படியா. அவன் வாளியைக் கீழே வைக்கவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை, ஆனால் கழுத்துப் பக்கத்தைப் பார்த்தாலே சிரிக்கிறான் என்று தெரிந்தது, சின்னப் பிள்ளையில் அடி வாங்கப்போகிற நேரத்தில் சிரிப்பானே அதே மாதிரி. பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, தண்ணீரைச் சாய்த்தபடியே சொன்னான்.

"நீ தனியா நடக்கிறதுக்குப் போடலம்மா. கூட ஒரு ஆளு நடக்கணும்ல."

நான் பாதையைப் பார்த்தேன். வாக்கர் போக ஒரு பக்கம், அதன் பக்கத்தில் இன்னொரு ஆள் தோளோடு தோள் வர இடம், முருங்கையைச் சுற்றுகிற வளைவில் கூட அந்த அகலம் குறையவில்லை. தண்ணீர் சிமெண்டில் பரவி ஓரத்தில் வழிந்து மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. மஞ்சளை வேலிப் பக்கம் மாற்றி வைக்கலாம், அங்கே நிழல் இருக்கிறது, மஞ்சளுக்கு நிழல் பிடிக்கும். அந்த வளைவுல தண்ணி படல பாரு, நல்லா விடு என்றேன்.